தலையெழுத்து வாசிக்கும் கலை

திரையில் ஒரு பையனின் ஜாதகம் விரிந்து கிடக்கிறது. உயரம் ஆறடி எட்டங்குலம், எடை 215 பவுண்டு, ஊர் வர்ஜீனியா மாநிலத்தில் ஏதோ ஒரு சிற்றூர். வேகம் 38, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 71, தடுப்பாட்டம் 45, கூடைக்கு அருகில் நின்று ஆடும் வல்லமை 52, தொலைவிலிருந்து எறியும் திறமை வெறும் 6. இவனுக்குத் தாய் தந்தையர் இல்லை, முகம் இல்லை, நேற்று என்று சொல்லிக்கொள்ள ஒரு நாளும் இல்லை. எங்கோ இருக்கும் ஒரு கணினி, சோழிகளைக் குலுக்கித் தரையில் உருட்டுவதுபோல எண்களை உருட்டி, கண்மூடித் திறப்பதற்குள் பிறப்பித்துவிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் இவனும் ஒருவன். அப்படியிருந்தும், வீட்டார் எல்லோரும் உறங்கிப்போன இரவு பதினொரு மணிக்கு, ஆறிப்போன பாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவனை என் கல்லூரிக்கு அழைக்கலாமா வேண்டாமா என்று, சொந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் தகப்பனைப்போல நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டின் பெயர் ஹூப்ஸ் டைனஸ்டி. அமெரிக்காவின் வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் என்னும் நிறுவனம் இணையத்தில் நடத்திவருவது. கணினி விளையாட்டு என்ற மாத்திரத்தில் நம் மனத்தில் எழும் ஓட்டமும் வெடிச்சத்தமும் வர்ணப் பிரளயமும் இதில் மருந்துக்கும் கிடையாது; வருமான வரிப் படிவத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லத்தக்க சில அட்டவணைகள், அவற்றை நிறைத்துக்கொண்டு எண்கள், அவ்வளவுதான். பந்தை நாம் தொடுவதில்லை. நமக்கு ஒப்படைக்கப்படுவது ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் பதவி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளுள் கடைசியானதாகிய மூன்றாம் பிரிவில் ஆரம்பித்து, வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் பிரிவுக்கும் பிறகு பெருங்கல்லூரிகள் மோதும் முதற்பிரிவுக்கும் படிப்படியாக ஏறவேண்டும். (நிஜ வாழ்வில் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை, இந்த விளையாட்டிலோ அவையும் தருகின்றன. ஆட்டம் நடக்கவேண்டுமே என்பதற்காகச் சொன்ன பொய் ஆகையால் மன்னித்துவிடலாம்.) எதிரணிகளில் சிலவற்றைக் கணினி நடத்துகிறது, மற்றவற்றை, பல நகரங்களில் உட்கார்ந்துகொண்டு நம்மைப்போலவே உறக்கம் கெட்டுக் கிடக்கும் மனிதர்கள் நடத்துகிறார்கள். ஆட்டத்தன்று பயிற்சியாளருக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. வெற்றியும் தோல்வியும் நிச்சயமாவது அதற்கு வெகுகாலம் முன்பு, எந்தப் பையனைச் சேர்த்தோம், எவனை விட்டோம் என்பதில்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவன் ஓஹையோவில் வேலை பார்க்கும் என் தங்கையின் மகன். வர்ஜீனியாப் பையனின் 71-ஐப் பார்த்துவிட்டு நான் அடைந்த பரவசத்தை அவனிடம் தொலைபேசியில் விவரித்தபோது, அவன் சிறிதும் சலனப்படாமல், "மாமா, இப்ப எவ்வளவு இருக்குன்னு பாக்காதீங்க, இன்னும் எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க" என்றான். முப்பது வயது நிரம்பாத பிள்ளை எனக்கு உபதேசம் செய்கிறானே என்று அன்றைக்கு மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை நான்கு வருஷம். விளையாட்டின் கணக்கில்தான், என்றாலும் நான்கு வருஷம்.

அவன் 'இடம்' என்று சொன்னதுதான் இந்த விளையாட்டின் ரகசியம் முழுதும். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும், ஒவ்வொரு திறனிலும், இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று இன்று அவன் நிற்கும் படி. அதைத் தெரிந்துகொள்வது சுலபம். மற்றொன்று, என்ன பாடுபட்டாலும் அவன் தாண்டமுடியாத படி. அது கணினியின் நெஞ்சுக்குள் மறைந்து கிடப்பது. ஆட்டத்தில் ஊறியவர்கள் இதைத்தான் 'பொட்டென்ஷியல்' என்கிறார்கள். உள்ளாற்றல் என்று இதைத் தமிழில் சொல்லலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் ஆற்றல் என்ற சொல்லில் ஒரு பொங்கும் சுபாவம் இருக்கிறது, இதுவோ பொங்குவதன்மேல் வைத்த மூடி. கொள்ளளவு என்பதே பொருத்தம் என்று பிறகு தோன்றியது. பணம் செலவழித்து ஆள் அனுப்பி வேவு பார்த்தால், அந்தக் கொள்ளளவு எண்ணாக அல்ல, 'குறைவு', 'சராசரி', 'மிகுதி' என்று பூடகமாகத் தெரியவரும். நாடி ஜோதிடர் ஏட்டைப் புரட்டி, எதையும் முழுதாகச் சொல்லாமல், ஆனால் எதையும் சொல்லாமலும் விடாமல் பேசுவாரே, கிட்டத்தட்ட அந்தப் பாஷை. பையன் வந்து சேர்ந்தபின் பயிற்சி நிமிஷங்களை நாம் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும்: தடுப்பாட்டத்துக்கு இவ்வளவு, எறிவதற்கு இவ்வளவு, பரீட்சையில் தோற்றுத் தகுதி இழந்துவிடாமல் இருக்கப் படிப்புக்கு இவ்வளவு. உழைப்புக் குணம் என்று தனியாக ஓர் எண் உண்டு. அது உயர்ந்திருப்பவன் விரைந்து வளர்வான். களத்தில் ஆடக் கிடைக்கும் நேரமும் வளர்ச்சிக்கு உரம். ஆனால் கொள்ளளவை நெருங்க நெருங்க, கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வருவதுபோல, வளர்ச்சி சொட்டுச் சொட்டாகி, பின்பு நின்றேபோகும்.

வர்ஜீனியாப் பையனைச் சேர்த்துக்கொண்டேன். அவனுடைய கட்டங்களில் பெரும்பாலும் 'குறைவு' என்று எழுதியிருந்தது. இருந்தால் என்ன, 71 கையில் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். அதே வாரத்தில், எலும்பும் தோலுமாக ஒரு சிறுவன், தொலைவெறிவு 31, பந்தைக் கையாளுதல் 28 என்ற பரிதாபமான எண்களோடும், இரண்டுக்கும் நேரே 'மிகுதி' என்ற சொல்லோடும், என் பட்டியலில் மூன்று நாள் நின்றான். நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்களோடு ஒரே குழுமத்தில் ஆடிய மற்றொரு கல்லூரி அவனைக் கொண்டுபோயிற்று. முதல் வருஷம் என் பையன் பிரமாதமாக ஆடினான். அந்தச் சிறுவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருஷம் என் பையன் ரீபவுண்டில் 73, அவன் தொலைவெறிவில் 47. மூன்றாம் வருஷம் என் பையன் 74, அதற்குமேல் எத்தனை நிமிஷம் பயிற்சி கொடுத்தாலும் 74. அவனோ 62-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். நான்காம் வருஷத்தின் கடைசிப் போட்டியில், எங்களுக்கு எதிராக, தொலைவிலிருந்து எறிந்து எறிந்தே அவன் 27 புள்ளி எடுத்ததை, வரிவரியாக எழுத்தில் ஓடிய ஆட்ட விவரத்தில் படித்து முடித்தபோது, இல்லாத ஒருவன் இல்லாத ஒரு மைதானத்தில் இல்லாத ஒரு பந்தை எறிந்ததற்காக ஒரு மனிதனின் வயிறு எரியக்கூடும் என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

இப்படி வயிறெரிவதில் நான் முதல்வன் அல்ல என்பது ஒரு சமாதானம். ராபர்ட் கூவர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1968-இல் 'தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்' என்று ஆரம்பிக்கும் நீண்ட பெயருடைய ஒரு நாவலை எழுதினார். அதன் நாயகன் ஒரு கணக்கப்பிள்ளை. பகடைகளை உருட்டித் தானே நடத்தும் ஒரு கற்பனைப் பந்தாட்டத்தில், தனக்குப் பிள்ளைபோல் ஆகிவிட்ட ஓர் இளம் ஆட்டக்காரன், பகடை விழுந்த விதத்தினால் ஆட்டக்களத்திலேயே இறந்துபோக, அந்தத் துக்கத்திலிருந்து மீளமுடியாமல் அவன் நிலைகுலைகிறான். கணினி வருவதற்கு முன்பே காகிதமும் பகடையும் இந்த வேலையைச் செவ்வனே செய்துவந்திருக்கின்றன.

ஒருவனுடைய கொள்ளளவை அறிந்துகொண்டால் மட்டும் போதுமா? போதாது, அவன் நம்மிடம் வரவேண்டுமே. நாம் கண்டதையே இன்னும் நாலு பேரும் கண்டிருப்பார்கள். அங்கேதான் ஆள் சேர்க்கும் படலம் சூடுபிடிக்கிறது. ஒவ்வொருவனுக்கும் ஒரு விருப்பப் பட்டியல் இருக்கிறது: ஒருவனுக்குக் கல்லூரி தாய்வீட்டுக்கு அருகில் இருக்கவேண்டும், மற்றொருவனுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு சந்தோஷம், ஒருவன் ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கும் அணியைத் தேடுவான், வேறொருவன், சிதிலமாகக் கிடக்கும் அணியைத் தூக்கி நிறுத்தும் பெருமை தனக்கு வேண்டும் என்பான், பயிற்சியாளர் நெடுங்காலம் ஒரே இடத்தில் நிலைத்திருப்பவரா என்று விசாரிப்பவனும் உண்டு. அவன் வீட்டுக்கு நாம் போகவேண்டும், அவனை நம் வளாகத்துக்கு அழைத்துவந்து காட்டவேண்டும், தினம் இவ்வளவு என்று கவனத்தை அளந்து ஊற்றவேண்டும். எதிராளி எவ்வளவு ஊற்றுகிறான் என்பதோ நமக்குச் சரியாகத் தெரியாது. கடைசியாக, வாக்குறுதிகள். முதல் ஐவரில் ஒருவனாக ஆட்டத்தைத் தொடங்கவைக்கிறேன் என்று சொல்லலாம். ஆட்டத்தில் இத்தனை நிமிஷம் உனக்கு உண்டு என்று சொல்லலாம். சொல்லிவிட்டுச் செய்யாமலும் இருக்கலாம்; ஆனால் அவனுடைய உழைப்புக் குணம் நாளுக்கு நாள் சரியும், வேறு கல்லூரிக்குப் பெட்டியைக் கட்டினாலும் கட்டுவான். இரண்டாவது வருஷத்தில் இருவருக்கு ஒரே இடத்தை வாக்களித்துவிட்டு நான் பட்ட அவஸ்தை சொல்லுந்தரமன்று. சீர்வரிசையை வாயால் அளந்துவிட்டுக் கல்யாணத்தன்று விழித்துக்கொண்டு நிற்கும் சம்பந்திகளைப் பார்த்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த விளையாட்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி உலகங்கள் உண்டு. அவற்றுக்கு நெய்ஸ்மித், ஆலன், ரப், ஸ்மித், வுடன் என்று பழைய பயிற்சியாளர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அலங்காரத்துக்காகச் சூட்டிய பெயர்கள்தாம். ஆனால் அவற்றை வரிசையாக உச்சரித்துப் பார்த்தபோது, இந்த விளையாட்டின் ஆதி விவாதமே அந்த வரிசைக்குள் இருப்பதைக் கண்டேன். கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே போக வழியின்றி அடங்காமல் திமிறிக்கொண்டிருந்த 18 மாணவர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரோரம் உயர மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். (அதே ஒய்.எம்.சி.ஏ.தான் 1920-இல் ஹாரி க்ரோ பக் என்பவரைக் கொண்டு சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிற்று. நம் பிள்ளைகள் கையில் இந்தப் பந்து வந்து சேர்ந்த வழியும் அதுவே.) பிற்பாடு அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அணியை நடத்தி, 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றார், ஆட்டத்தைப் படைத்தவரே அந்தப் பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தில் தோல்வி மிகுந்த ஒரே பயிற்சியாளர் என்பது பிரம்மதேவருக்கு நம் ஊரில் கோயில்கள் அரிதாக இருப்பதை நினைவூட்டுகிறது. அவருடைய மாணவர் ஃபாக் ஆலன், பயிற்சியாளர் ஆகப்போகிறேன் என்று வந்து நின்றபோது, கூடைப்பந்தை ஆடத்தான் முடியும், அதற்குப் பயிற்சி கொடுக்க முடியாது என்று குருநாதர் சிரித்துக்கொண்டே சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. சிஷ்யர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கன்சாஸில் 39 பருவங்கள் பயிற்சி கொடுத்தார். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கிக்குப் போய் 876 ஆட்டங்களில் வென்றார். ஆலனிடமே ஆடிய டீன் ஸ்மித் வட கரோலினாவுக்குப் போய் 879 ஆட்டங்களில் வென்றார்.

பையன் எப்படிப் பிறந்தானோ அப்படியே ஆடுவான் என்பது குருவின் பக்ஷம். அவனை ஆக்கலாம் என்பது சிஷ்யரின் பக்ஷம். ஹூப்ஸ் டைனஸ்டியை எழுதியவர்கள் தந்திரமாக இருவருக்கும் பாதி பாதி கொடுத்திருக்கிறார்கள்: கொள்ளளவு நெய்ஸ்மித்தினுடையது, பயிற்சி நிமிஷங்கள் ஆலனுடையவை. நம் வள்ளுவர்கூட, அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று வேறோர் அதிகாரம் வைத்து, சோர்வின்றி முயல்பவன் ஊழையும் புறமுதுகிட வைப்பான் என்றார். இரண்டையும் ஒரே ஆசிரியர் சொன்னாரே என்று உரையாசிரியர்கள் சங்கடப்பட்டிருக்கலாம். ஒரு பயிற்சியாளருக்கு அதில் சங்கடமே இல்லை. அவர் ஆள் சேர்க்கும் மாதத்தில் ஊழை நம்புவார், பயிற்சி மாதத்தில் ஆள்வினையை நம்புவார்.

கணினியில் அந்த எல்லை எங்கோ எழுதியாவது இருக்கிறது. நிஜமான பையன்களுக்கு? அமெரிக்காவில் இதை வாசிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவருகிறார்கள். நியூயார்க்கில் ஹவர்டு கார்ஃபிங்கல் என்று ஒருவர் இருந்தார். உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் ஆட்டத்தை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்துக் கல்லூரிகளுக்கு விற்றவர். 1966-இல் 'ஃபைவ் ஸ்டார்' என்ற பெயரில் ஒரு கோடைப் பயிற்சி முகாமையும் தொடங்கினார். இன்றைக்கு ஐந்து நட்சத்திரப் பையன், மூன்று நட்சத்திரப் பையன் என்று, ஹோட்டலைத் தரம் பிரிப்பதுபோலப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் சம்பிரதாயம் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1980 கோடையில் பிட்ஸ்பர்க் அருகே நடந்த அவருடைய முகாமுக்கு, டீன் ஸ்மித்தின் உதவியாளராக இருந்த ராய் வில்லியம்ஸின் முயற்சியால், வட கரோலினாவுக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஒரு மாணவன் வந்துசேர்ந்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, வில்மிங்டனில் உள்ள லேனி உயர்நிலைப் பள்ளியில், ஏறத்தாழ ஐந்தடிப் பத்தங்குலம் இருந்த அவனை முதல் அணியில் சேர்க்காமல், அவனைவிட வெகு உயரமான ஒரு சக மாணவனைச் சேர்த்து, அவனை இளையோர் அணிக்கு அனுப்பியிருந்தார்கள். முகாம் முடியும்போது நாடெங்கும் உள்ள கல்லூரிகளின் கண் அவன்மேல் இருந்தது. 1982-இல், கல்லூரியில் முதல் வருஷ மாணவனாக, ஜார்ஜ்டவுனுக்கு எதிரான இறுதிப் போட்டியில் வெற்றிப் பந்தை எறிந்து 63-62 என்று முடித்த அந்த மைக்கேல் ஜோர்டனை ஏன் விட்டீர்கள் என்று லேனி பள்ளிக்காரர்களைப் பரிகாசம் செய்வது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. உயரமான பையன் தேவைப்பட்ட அணிக்கு உயரமான பையனை எடுத்தார்கள். நானும் 71-ஐத்தானே எடுத்தேன்?

மனித உடம்பு செய்யும் விஷமங்களை எந்தக் கணினியும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சிக்காகோவில் ஆன்டனி டேவிஸ் என்னும் பள்ளி மாணவன், ஆறடி இரண்டு மூன்றங்குல உயரத்தில், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் கார்டாக ஆடிக்கொண்டிருந்தான். பெரிய கல்லூரிகள் எவையும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. திடீரென்று வளர ஆரம்பித்தான். கடைசி வருஷம் பள்ளிக்குத் திரும்பியபோது உயரம் ஆறடிப் பத்தங்குலம். ஆனால் கைகளும் கால்களும் குள்ளமாக இருந்தபோது கற்ற வித்தையை மறக்கவில்லை. 2012-இல் கென்டக்கி தேசிய வெற்றிக் கோப்பையை வென்ற இறுதிப் போட்டியில் அவன் எடுத்தது ஆறே புள்ளி. 16 ரீபவுண்ட், எறிந்த பந்தைத் தடுக்கும் பிளாக் 6. ஆயினும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரன் அவனே என்று தீர்ப்பளித்தார்கள், தொழில்முறை அணிகளின் தேர்விலும் அவனே முதல்வன். இனி ஜா மொரான்டின் கதை. 2016-இல் தென் கரோலினாவில் ஒரு முகாமுக்கு வேறொரு பையனைப் பார்க்க வந்திருந்த முர்ரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர், பசிக்குத் தின்பதற்கு ஏதேனும் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போகையில், பக்கத்துக் கூடத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப்பார்க்க, அங்கே மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் மொரான்ட் ஒருவன். மூன்று வருஷத்தில் அவன் தொழில்முறை அணிகளின் தேர்வில் இரண்டாமவன். அந்த உதவிப் பயிற்சியாளர் அன்று காலையில் வயிறார உண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மறுபுறம் லென்னி குக். 2001-இல் நாட்டின் பள்ளி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர்கள் வரிசையில் வைத்துப் பேசப்பட்டவன். அந்தக் கோடையில் ஒரு முகாமில், தன்னைவிட இளையவனான லெப்ரான் ஜேம்ஸ் கடைசி நொடியில் எறிந்த பந்தினால் தோற்றான். மறுவருஷம் தொழில்முறைத் தேர்வில் பெயர் கொடுத்து, ஒருவராலும் அழைக்கப்படாமல் திரும்பினான். அவனுடைய ஏட்டில் 'மிகுதி' என்று எல்லோரும் வாசித்தார்களே, அது தவறான வாசிப்பா, அல்லது ஏட்டில் அப்போது அப்படித்தான் எழுதியிருந்து பிற்பாடு மாறிற்றா? என் விளையாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே ஏடு மாறுவதில்லை, வாசகன்தான் தவறுகிறான்.

கணினியின் பையன்களுக்கு முகமும் பெயரும் பொய்யாக இருப்பதன் பின்னால் ஒரு சட்டப் புராணமே இருக்கிறது. 1995-இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி தேசியக் கோப்பையை வென்றபோது அதன் நாயகனாக விளங்கிய எட் ஓபேனன், பிற்காலத்தில் நெவாடாவில் கார் விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு கல்லூரிக் கூடைப்பந்துக் கணினி விளையாட்டில், தன் உயரம், தன் நிறம், தன் மொட்டைத் தலை, தன் 31-ஆம் எண் சட்டை, தன் இடதுகை எறிதல் ஆகியவற்றோடு, பெயர் மட்டும் இல்லாமல் ஓர் உருவம் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டார். முதலில் பெருமைப்பட்டார், இதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை என்பதை நினைத்தபோது பெருமை மாறிற்று. 2009-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். விளையாட்டைத் தயாரித்த ஈ.ஏ. நிறுவனமும் உரிமம் வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 4 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தம்மட்டில் முடித்துக்கொண்டன. 2009 நவம்பரில் வெளிவந்த 'என்.சி.ஏ.ஏ. பாஸ்கெட்பால் 10' என்பதோடு அந்தவகை விளையாட்டுகளின் வரிசை நின்றது. சோழியில் பிறந்த அநாதைகளைக் கொண்டு நடக்கும் ஹூப்ஸ் டைனஸ்டி மாத்திரம், யாருக்கும் கடன்படாமல், ஓடிக்கொண்டேயிருந்தது.

அந்த வழக்கு திறந்த கதவின் வழியாக மற்றவை வந்தன. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயராலும் உருவத்தாலும் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டில், ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும் என்ற பழைய விதியும் தளர்ந்தது. 2025 ஜூனில் ஒப்புக்கொள்ளப்பட்ட, ஹவுஸ் என்னும் மற்றொரு வழக்கின் உடன்பாட்டின்படி ஒவ்வொரு கல்லூரியும் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடி டாலர்வரை தன் ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றாயிற்று. ஆட்டக்காரர்களுக்கு நியாயம் கிடைத்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கொள்ளளவு வாசிப்பவன் என்ற முறையில் ஒன்றைக் கவனிக்கிறேன். பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்து நான்கு வருஷம் நீர் ஊற்றி வளர்ப்பதைவிட, வேறொருவர் தோட்டத்தில் வளர்ந்து காய்த்த இருபத்திரண்டு வயதுக்காரனை விலைபேசிக் கொண்டுவருவது லாபம் என்று பயிற்சியாளர்கள் பலர் கண்டுகொண்டார்கள். 'மிகுதி' என்று வாசித்து, காத்திருந்து, நான்காம் வருஷத்தில் பலனை அனுபவிக்கும் அந்தப் பழைய பொறுமைக்கு இன்று முழுதாக இடம் கொடுப்பது என் திரையில் உள்ள பொய்யான கல்லூரிகள்தாம்.

இத்தனைக்கும் பிறகு என் மருமகன் சென்ற மாதம் என்னை ஒரு கேள்வி கேட்டான். "மாமா, ஸ்டீஃபன் கர்ரியை நம்ம ஆட்டத்துல போட்டா, அவன் தொலைவெறிவுக்கு என்ன போடுவீங்க?" மிகுதி, அதிலும் மிகுதி என்றேன். "அது இப்ப தெரியும். 2006-லே?"

2006-இல் கர்ரி ஆறடி உயரமும் சிறுவனின் உடம்பும் கொண்ட ஒரு பள்ளி மாணவன். தந்தை டெல் கர்ரி ஆடிப் புகழ்பெற்ற வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம்கூட, உதவித்தொகை இல்லாமல் வந்து முதல் வருஷம் ஆடாமல் இருக்கச் சம்மதமா என்றுதான் கேட்டது. சார்லட் நகரத்துக்கு வடக்கே, இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரியில் பாப் மெக்கிலப் என்னும் பயிற்சியாளர் அவனை விடாமல் நாடிவந்து உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அந்தச் சின்னக் கல்லூரி கன்ஸாகாவையும் ஜார்ஜ்டவுனையும் விஸ்கான்சினையும் வரிசையாக வீழ்த்தி, அந்த ஆண்டு கோப்பையை வெல்லவிருந்த கன்சாஸிடம் 59-57 என்று இரண்டே புள்ளியில் தோற்று நின்றதை நாடே பார்த்தது. அது பிற்பாடு நடந்த கதை. கல்லூரியில் அவனுடைய முதல் ஆட்டம், 2006 நவம்பரில், ஈஸ்டர்ன் மிச்சிகன் அணிக்கு எதிரானது. பந்து அவன் கையில் நிற்கவே இல்லை; எதிராளியின் கைக்குப் போயிற்று, கோட்டுக்கு வெளியே போயிற்று, தோழன் இல்லாத இடத்துக்குப் போயிற்று. 13 முறை பந்தைப் பறிகொடுத்தான். என் திரையில் அப்படி ஒருவன் ஆடியிருந்தால், பந்தைக் கையாளுதல் என்ற கட்டத்துக்கு நேரே 'குறைவு' என்று நானே எழுதிவைத்து, மறுநாள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்திருப்பேன். மெக்கிலப் அவனை அன்றைய ஆட்டத்திலிருந்தும் எடுத்துவிடவில்லை. மறுநாள் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மீண்டும் இறக்கினார். அன்று அந்தப் பையன் 32 புள்ளி எடுத்தான்.